ஒளியின் மஞ்சளும் சாயத்தின் மஞ்சளும்



சித்திர அறையில் நாங்கள் படித்த முதன்மை நிறங்கள் சிவப்பு, மஞ்சள், நீலம். மணி அடித்து விஞ்ஞான ஆய்வுகூடத்துக்குப் போனால் அவை சிவப்பு, பச்சை, நீலம். கேட்டால், "அது அந்தப் பாடம், இது இந்தப் பாடம்" என்பதே அன்று கிடைத்த பதில். இன்றும் தங்கைமார் இரண்டையும் தனித்தனியே மனனம் செய்வதாக அறிகிறோம். அதனால்தான் இதைப் பேச வந்தோம்.

இருட்டிய மண்டபத்தில் வெள்ளைச் சுவரொன்றில் சிவப்பு ஒளியையும் பச்சை ஒளியையும் ஒன்றன்மேல் ஒன்றாக விழச் செய்தால் மஞ்சள் தெரியும். நம் விழித்திரையில் நிறம் உணரும் கூம்புக் கலங்கள் மூன்று வகை. அவ்விரு ஒளிகளும் சேர்ந்து அவற்றைத் தூண்டுகின்ற விதம், மஞ்சள் ஒளி தூண்டும் விதத்தை ஒத்தது. நீல ஒளியையும் சேர்த்தால் வெள்ளை. விளக்குக் கூடக்கூட வெளிச்சமும் கூடும்.

சாயமோ ஒளியைக் கூட்டுவதில்லை, விழுங்குகிறது. மஞ்சள் சாயம் வெள்ளொளியின் நீலத்தை விழுங்கும். நீலச் சாயம் சிவப்பை விழுங்கி, நீலத்தோடு கொஞ்சம் பச்சையையும் விட்டுவிடும். இரண்டையும் குழைத்தால் இரண்டுமே விழுங்காமல் மிஞ்சுவது பச்சைதான். இந்த வேறுபாட்டை 1852இல் தெளிவாக்கியவர் ஜேர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ்.

1861இல் லண்டனில் மக்ஸ்வெல் கட்டம் போட்ட ரிபன் ஒன்றின் மூன்று படங்களைத் திரையில் காட்டினார். சிவப்பு, பச்சை, நீல வடிகளினூடாகத் தனித்தனியே எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் அவை. அதே நிற ஒளிகளில் ஒன்றன்மேல் ஒன்றாக வீழ்த்தியதும் ரிபன் நிறத்தோடு தோன்றியது. வேடிக்கை என்னவென்றால், அக்காலத் தகடுகளுக்குச் சிவப்பு ஒளி படியவே படியாது! ரிபனின் சிவப்புப் பகுதி தெறித்த புறஊதாக் கதிர்கள் சிவப்பு வடியையும் கடந்து தகட்டில் பதிந்திருந்தன என்று நூறு ஆண்டுகளின் பின்னரே விளங்கியது. நூற்றாண்டு கொண்டாடும் நமக்கு இது பிடித்த கதை.

இனி, கையிலுள்ள ஏதாவதொரு சஞ்சிகையின் நிறப்படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். சயன், மஜென்டா, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் தெரியும். சயன் விழுங்குவது சிவப்பை, மஜென்டா விழுங்குவது பச்சையை, மஞ்சள் விழுங்குவது நீலத்தை. ஆய்வுகூடத்தின் அதே மூன்று! சித்திர அறையின் சிவப்பு மஜென்டாவுக்கும், நீலம் சயனுக்கும் கிட்டிய உறவு, அவ்வளவுதான். சிவப்பையும் நீலத்தையும் குழைத்த ஊதா மங்கிப் போனால் கையைக் குறை சொல்லாதீர்கள். சிவப்புச் சாயம் நீலத்தையும் விழுங்குகிறது. மஜென்டாவோடு சிறிது சயன் சேர்த்துப் பாருங்கள், ஊதா பளிச்சென்று வரும்.

நடனத்துக்கு மேடை விளக்குத் தெரிவுசெய்பவர்களுக்கும் ஒரு சொல். சிவப்பு விளக்கின் கீழ் பச்சைப் பட்டு கிட்டத்தட்டக் கறுப்பாகவே தெரியும். உடுப்பை ஒத்திகை நாளிலேயே விளக்கில் பிடித்துப் பாருங்கள்.

அதிபர் அவர்களிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றே: ஆண்டுக்கு ஒரு பாடவேளை, சித்திர ஆசிரியரும் விஞ்ஞான ஆசிரியரும் ஒரே வகுப்பில் சேர்ந்து நின்று இதைக் கற்பிக்க இடமளியுங்கள். மூன்று டோர்ச் லைட்டும் நிறத் தாள்களும் நாங்கள் வாங்கித் தருகிறோம்.