இரண்டாம் போகக் கிழங்கு



கடையில் வாங்கிய உருளைக்கிழங்கு முளைவிட்டால், அதை வீட்டுக்குப் பின்னால் புதைத்துப் பார்க்கும் ஆசை நம்மில் பலருக்கு உண்டு. செடி செழிப்பாக வரும். தோண்டினால் கோலிக்குண்டு அளவில் இரண்டு மூன்றுதான் கிடைக்கும். இது கைராசியின் குறையன்று. உருளைக்கிழங்கு திரள்வதற்கு இரவில் குளிர் வேண்டும். இரவு வெப்பம் 20 பாகைக்கு மேல் போனால் கிழங்கு பிடிப்பது குறைந்துவிடும். ஈப்போவில் இரவிலும் 23, 24 பாகை இருக்கிறது. ஆகவே நமக்கு ஏற்றது சர்க்கரைவள்ளிக் கிழங்கு. மலாய்க்காரர்கள் கெலெடெக் என்பது இதைத்தான்.

இதன் அருமையை நம் முன்னோர் அறிவார்கள். 1941 டிசம்பரில் ஜப்பானியர் படை நுழைந்தது முதல் 1945 ஆகஸ்டில் சரணடைந்தது வரை, வெளிநாட்டு அரிசிக்குப் பெரும் பஞ்சம். அந்நாளில் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும்தான் பல குடும்பங்களின் பசியைத் தணித்தன. இன்று பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பலர் லயத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்கு வந்துவிட்டோம். ஆனாலும் வீட்டோரம் நாலு வரப்புக்கு இடமிருந்தால், ஆண்டுக்கு இரண்டு போகம் கிழங்கு எடுக்கலாம்.

தைமாதவாக்கில் நட்ட கொடியை மே மாதக் கடைசியில் தோண்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். தோண்டுவதற்கு முன்பே, பூச்சி படாத கொடிகளின் நுனியிலிருந்து ஒரு அடி நீளத்துக்குத் துண்டுகள் வெட்டி நிழலில் வைத்துக்கொள்ள வேண்டும். இவையே இரண்டாம் போகத்துக்கு விதை. அடிக்கொடியை எடுக்கக்கூடாது, பூச்சியின் முட்டை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

ஜூன் மாதத்துக்குள் நட்டுவிட்டால், செப்டம்பர் கடைசியில், அதாவது அக்டோபர், நவம்பர் மாதப் பெருமழைக்கு முன்பே தோண்டிவிடலாம். பிந்தினால் ஈரத்தில் கிழங்கு அழுகும். முழங்கால் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக வரப்பு எழுப்பி, அடிக்கு ஒரு துண்டாக, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் இருக்கும்படி நட வேண்டும். பழைய ஈய லம்பத்து மணலாக இருந்தால் மக்கிய எருவைத் தாராளமாகக் கலக்க வேண்டும். அடுப்புச் சாம்பல் கிழங்குக்கு நல்லது. யூரியாவை அள்ளிப் போட்டால் இலைதான் மிஞ்சும்.

இனி முக்கியமான செய்தி. இரண்டாம் போகத்தைக் கெடுப்பது கூன்வண்டு. பார்வைக்கு எறும்பு போலிருக்கும். இறக்கை கருநீலம், நடுவுடல் செம்மை. முதல் போகத்தில் தோண்டாமல் விட்ட கிழங்கிலும் பழைய கொடியிலும் அது உயிரோடிருந்து, புதுப் பயிருக்குத் தாவும். எனவே முதலில் நட்ட வரப்பில் மீண்டும் நடலாகாது. அங்கே பயற்றங்காயோ கீரையோ போட்டு, கிழங்கை வேறு பக்கம் மாற்ற வேண்டும். மிச்சக் கிழங்கையும் கொடியையும் பொறுக்கி அழித்துவிட வேண்டும். ஜூலை வெயிலில் வரப்பு வெடிக்கும். அந்த வெடிப்பின் வழியாகத்தான் வண்டு கிழங்கை அடைகிறது. நீர் விட்டு, வாரம் ஒருமுறை மண் அணைத்தால் அந்த வழி அடைபடும்.

வண்டு துளைத்த கிழங்கு கசக்கும். கசந்த பகுதியை வெட்டிவிட்டு மீதியைச் சமைப்பது தவறு. அதில் நஞ்சு உண்டாகிறது. மாட்டுக்கும் போடக்கூடாது.

இளந்தளிரைக் கீரையாகச் சமைக்கலாம். அளவோடு பறித்தால் கிழங்கு குறையாது. 1969-இல் அமைக்கப்பட்ட மார்டி என்னும் வேளாண் ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட ‘விட்டாத்தோ’ இரகத்தின் சதை ஆரஞ்சு நிறம். குழந்தைகளின் கண்ணுக்கு வேண்டிய ‘ஏ’ உயிர்ச்சத்தை உடல் அதிலிருந்து பெறும். கொடி கிடைத்தால் அதையே நடலாம்.

தோண்டிய கிழங்கைக் கழுவாமல், காயம் படாமல், காற்றோட்டமான நிழலில் வைத்தால் சில வாரம் தாங்கும். சம்பளத்துக்கு முந்திய வாரத்தில் அடுப்பில் ஏற்ற வீட்டிலேயே கிழங்கு இருக்கும். இந்த ஜூனில் ஒரு வரப்பாவது எழுப்புவோம்.