புகழ் பெற்றோரும் அறக்கொடையும்

(நன்கொடையாளர் ஒன்றுகூடலில் நிர்வாகக் குழு உறுப்பினர், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஆற்றிய உரை)



செயலாளர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றவனுக்கு மணி அடிக்காமல் நிறுத்தத் தெரியாது. ஆகவே அவரே மணி அடித்துவிடட்டும்.

சென்ற ஆண்டு இதே கூட்டத்தில் ஓர் இளைஞர் எழுந்து கேட்டார். "ஐயா, நாம் பத்து வெள்ளி, இருபது வெள்ளி என்று சேர்த்து ஏழைப் பிள்ளைகளின் கல்வி உதவி நிதியை நடத்துகிறோம். ஒரு படத்திற்குக் கோடி கோடியாக வாங்கும் நடிகர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இன்னும் அதிகமாகத் தர வேண்டாமா?" அன்று நேரமில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அந்தக் கேள்வி என்னை விடவில்லை. தவிரவும், நிதி திரட்டத் தமிழகத்திலிருந்து ஒரு நட்சத்திரத்தை வரவழைத்துக் கலைநிகழ்ச்சி நடத்தலாமா என்ற யோசனை இப்போது நம் குழுவின் முன் இருக்கிறது. நான் முட்டுக்கட்டை போடுகிறேன் என்று இரண்டொரு நண்பர்கள் வருத்தப்படுவதாகவும் கேள்விப்பட்டேன். ஆகையால் இன்று பேசிவிடுகிறேன்.

அவர்கள் தர வேண்டுமா? தர வேண்டும் என்பதே என் எண்ணம். கடைக்காரர் அரிசி விற்கிறார், நாம் காசு கொடுக்கிறோம். கணக்கு அங்கேயே தீர்ந்துவிடுகிறது. நட்சத்திரத்தின் செல்வம் அப்படி வருவதல்ல. தோட்டத்தில் பால் மரம் வெட்டியவரும், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரும் நுழைவுச்சீட்டுக்குக் கொடுத்த சில்லறைதான் அங்கே மலையாகக் குவிந்தது. காசோடு அன்பையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அன்புக்கு ரசீது கிடையாது. அந்தக் கடன் கொஞ்சம் கூடுதலாகவே நிற்கும்.

ஆனால் எவ்வளவு, எப்படி என்று கேட்டால் எனக்கு ஒருவர் நினைவுதான் வருகிறது. நம் வீடுகளில் இன்றும் விடியற்காலையில் வேங்கடேச சுப்ரபாதம் ஒலிக்கிறது. பாடியவர் எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையார். 1963ஆம் ஆண்டு வெளிவந்த அந்த இசைத்தட்டின் உரிமத்தொகை அவருக்குப் போகவில்லை. திருமலை திருப்பதி தேவஸ்தானத்திற்கே சேரும்படி செய்துவிட்டார். சிந்தித்துப் பாருங்கள். ஒரு நாள் கச்சேரி செய்து ஒரு காசோலை கொடுத்திருந்தால் அது அன்றோடு செலவாகியிருக்கும். இதுவோ பாட்டு ஒலிக்கும்வரை ஊறிக்கொண்டிருக்கும் கிணறு. நம் அறவாரியத்தில் மூலதனத்தைத் தொடாமல் வட்டியைச் செலவிடுகிறோமே, அதே தத்துவம்தான்.

அதற்கும் முன்பே, 1944இல், கஸ்தூர்பா நினைவு நிதிக்காக அவர் கச்சேரிகள் செய்து கொடுத்தார். அதன்பின் மருத்துவமனை, கல்லூரி, ஆலயம் என்று எத்தனையோ பணிகளுக்குப் பாடி, வசூலை அப்படியே ஒப்படைத்தார். 1974இல் மக்சேசே விருது அவருக்குக் கிடைத்தது. இசைக்காக மட்டும் கொடுத்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அது பொதுச்சேவைப் பிரிவில் வழங்கப்பட்ட விருது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1970களின் பிற்பகுதியில் அந்தக் குடும்பம் பண நெருக்கடியில் சிக்கியது. கொடுத்துக் கெட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். தொழிலில் ஏற்பட்ட நட்டம் அது. சென்னையில் அவர்கள் வாழ்ந்த கல்கி தோட்டம் என்ற பெரிய வீடு கைவிட்டுப் போயிற்று. சும்மா பணம் கொடுத்தால் வாங்கக்கூடியவர்களும் அல்லர். அப்போது திருப்பதி தேவஸ்தானம் ஒரு நல்ல வழி கண்டது. அன்னமாச்சாரியாரின் கீர்த்தனைகள் முதலானவற்றை அம்மையாரைப் பாடச்செய்து, பாலாஜி பஞ்சரத்ன மாலை என்று இசைத்தட்டுகளாக வெளியிட்டு, பாடியதற்கான சன்மானமாக உதவியது. வாங்கும் கைக்குக் கூச்சம் வராதபடி கொடுப்பது எப்படி என்று அந்த அதிகாரிகள் அறிந்திருந்தார்கள். நம் உபகாரச் சம்பளத்தை மேடையில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கொடுக்கிறோமே, அதைப் பற்றியும் நான் ஒரு நாள் பேச வேண்டும். இன்று வேண்டாம்.

எல்லாரும் எம்.எஸ். அம்மையார் ஆகமுடியாது. எம்.ஜி.ஆர். தம் இராமாவரம் தோட்டத்தில் வாய்பேச இயலாத, காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி நடக்கும்படி உயில் எழுதிவைத்தார். சீனத் திரைப்பட நடிகர் ஜெட் லீ 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின்போது மாலத்தீவில் குடும்பத்தோடு சிக்கிப் பிழைத்தவர்; பின்னர் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றார். 2007இல் அவர் தொடங்கிய அறநிதியில் ஒவ்வொருவரிடமும் மாதம் ஒரு யுவான்தான் கேட்டார். தம் பணப்பையைக் காட்டிலும் தம் முகத்திற்கு மதிப்பு அதிகம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். கெட்டிக்காரர்.

முகத்தைக் கடன் கொடுப்பதில் ஆபத்தும் உண்டு. சிங்கப்பூரில் தேசியச் சிறுநீரக அறநிறுவனத்திற்காகத் தொலைக்காட்சியில் நட்சத்திரங்கள் உயிரைப் பணயம் வைத்துச் சாகசம் செய்ததை நாமெல்லாம் பார்த்தோம். கண்கலங்கித் தொலைபேசியை எடுத்து நன்கொடை கொடுத்தோம். 2005இல் நீதிமன்றத்தில் உண்மை வெளிவந்தது. தலைமை நிர்வாகியின் ஆண்டு ஊதியம் 6 லட்சம் வெள்ளி. அவர் அறையின் குளியலறையில் தங்கமுலாம் பூசிய குழாய். பல்லாயிரம் பேர் மாதச் சந்தாவை நிறுத்தினார்கள். கயிற்றில் தொங்கிய கலைஞர்கள் என்ன பிழை செய்தார்கள்? ஒன்றுமில்லை. கணக்கு எங்கே என்று அவர்களும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. அந்த அமைப்பு பிறகு புதிய நிர்வாகத்தின்கீழ் சீர்பட்டது வேறு விஷயம்.

பிறரைச் சொன்னேன். இப்போது என்னைச் சொல்கிறேன்.

1990களின் நடுவில் வேறோர் அமைப்பில் நான் செயலாளராக இருந்தேன். மாணவர் நிதிக்காக ஒரு புகழ்பெற்ற பாடகியை வரவழைத்தோம். பள்ளிக்கூடத்தில் சக ஆசிரியர் யாரையும் நான் விடவில்லை. ஆளுக்கு இரண்டு சீட்டு தலையில் கட்டினேன். அரங்கம் நிறைந்தது. விமானச் சீட்டு, பக்கவாத்தியக்காரர்கள், ஐந்து நட்சத்திர ஹோட்டல், மேடை அலங்காரம், பொன்னாடை, முக்கியப் பிரமுகர்களுக்கு விருந்து எல்லாம் கழித்துப் பார்த்தபோது நூறு வெள்ளி வசூலுக்குப் பதினொரு வெள்ளிதான் பிள்ளைகளுக்கு மிஞ்சியது. ஆண்டறிக்கையை எழுதியவன் நான். "நிகழ்ச்சி மாபெரும் வெற்றி" என்று எழுதினேன். அந்தப் பதினொரு வெள்ளியை எழுதவில்லை. யாரும் கேட்கவில்லை, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாயிற்று. இன்றுதான் முதன்முறையாக ஒரு சபையில் சொல்கிறேன்.

அந்த அம்மையார் பேராசைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் கேட்டது வெந்நீர், ரசம் சாதம், பாடுமுன் அரைமணி நேரம் அமைதி, அவ்வளவுதான். ஐந்து நட்சத்திர ஹோட்டல் எங்கள் கௌரவத்திற்காக நாங்கள் பிடித்தது. இதைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று. பணம் எந்தப் பிள்ளைகளுக்குப் போகிறது என்று அவரிடம் நாங்கள் சொல்லவேயில்லை. உங்கள் சன்மானத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுப்பீர்களா என்று கேட்கவுமில்லை. பெரியவர்களிடம் கேட்கக் கூச்சம். பிறகு ஊர் முழுக்க, "இவ்வளவு சம்பாதிக்கிறார், ஒரு வெள்ளி தரவில்லை பாருங்கள்" என்று நானே பேசித் திரிந்தேன்.

இப்போது சட்டமே நமக்குத் துணையாக இருக்கிறது. அறப்பணிக்காக நிதி திரட்டும் அமைப்பு ஓராண்டில் அதற்காகச் செய்யும் செலவு, திரட்டிய தொகையில் நூற்றுக்கு 30க்கு மேல் போகக்கூடாது என்பது சிங்கப்பூர் விதி. அன்று நாங்கள் செலவிட்டது 89. பொதுநல அமைப்பு என்ற தகுதி பெற்ற அறநிறுவனங்களுக்குக் கொடுப்போருக்கு, கொடுத்த தொகையைப்போல் இரண்டரை மடங்கு வருமான வரிக் கழிவும் 2026 இறுதிவரை உண்டு. உள்ளூரில் வசதியோடு இருக்கும் கலைஞர்களிடமும் விளையாட்டு வீரர்களிடமும் இதை எடுத்துச் சொல்லிக் கேட்கலாம். கேட்காமல் குறைசொல்வது எளிது. நான் செய்து பார்த்திருக்கிறேன்.

ஆகவே நான் நட்சத்திர நிகழ்ச்சிக்கு எதிரி அல்லன். மூன்று காரியங்கள் ஆகட்டும் என்றுதான் குழுவில் சொன்னேன். வரவுசெலவுத் திட்டம் முதலில் எழுத்தில் வர வேண்டும். வரப்போகிறவருக்கு நம் நிதியைப் பற்றி விவரமாகக் கடிதம் எழுதி, சன்மானத்தைக் குறைக்கவோ விட்டுக்கொடுக்கவோ முடியுமா என்று மரியாதையாகக் கேட்க வேண்டும். முடிந்தபின் கணக்கு இந்த மலரிலேயே அச்சாக வேண்டும், மிஞ்சியது பதினொரு வெள்ளியானாலும் சரி. நண்பர்கள் இரண்டாவதற்குத்தான் தயங்குகிறார்கள். பெரிய மனிதரிடம் கேட்டு அவர் இல்லையென்றுவிட்டால் நமக்கு அவமானமாம். மாதாமாதம் பிள்ளைகளின் தாய்மார்கள் அலுவலகத்தில் வந்து நம்மிடம் கேட்டுவிட்டு நிற்கிறார்களே!

கடிதத்தின் நகலை நான் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். வாசலருகே காலணி வைக்கும் இடத்தை ஒட்டிய மேசையில், உத்தேசச் செலவுக் கணக்கோடு இருக்கிறது. பிழை இருந்தால் சிவப்பு மையால் திருத்துங்கள். நான் பிறருக்கு நிறையத் திருத்தியிருக்கிறேன். அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை குழு கூடி முடிவெடுக்கும். செயலாளர் மணியைக் கையில் எடுத்துவிட்டார். பிரசாதமும் தயாராகிவிட்டது என்று சமையற்கட்டிலிருந்து சைகை வருகிறது.