எரிந்து அணையும் மஞ்சள் விளக்கு: பழைய நான்கு சக்கர இயக்க வண்டிகளில் ஏபிஎஸ் கோளாறு
(வாகனப் பாதுகாப்பு பற்றிய உரையின் எழுத்து வடிவம்)



யாங்கோன் நகரில் ஓடும் கார்களில் பல ஜப்பானில் சில ஆண்டுகள் ஓடிய பின் இங்கு வந்தவை. 2011-ஆம் ஆண்டில் பழைய வாகனத்தை ஒப்படைத்து வேறொன்றை இறக்குமதி செய்யும் திட்டம் தொடங்கிய பின் அவற்றின் எண்ணிக்கை பெருகியது. லேண்ட் குரூசர், ஹைலக்ஸ் சர்ஃப், பஜேரோ போன்ற நான்கு சக்கர இயக்க வண்டிகளும் அவற்றுள் அடங்கும். 1970 டிசம்பர் 6 முதல் இந்நாட்டில் போக்குவரத்து சாலையின் வலப்பக்கம் நடைபெறுகிறது. ஆயினும் இவ்வண்டிகளுக்கு ஸ்டீயரிங்கும் வலப்பக்கமே உள்ளது. ஆதலால் முன்செல்லும் லாரியைக் கடக்கும்போது எதிரே வரும் வண்டி தாமதமாகவே கண்ணுக்குப் புலப்படும். அவ்வேளையில் பிரேக் ஏமாற்றலாகாது.

திடீரென மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பதே ஏபிஎஸ் எனும் அமைப்பின் பணி. சக்கரம் பூட்டிக்கொண்டால், மழைநீர் படிந்த சாலையில் ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. சக்கரத்தருகே பல் வெட்டிய வளையம் ஒன்று சுழல்கிறது. அதனெதிரே சிறு இடைவெளியில், காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட சென்சார் நிற்கிறது. பற்கள் கடக்கும்போது எழும் மின்துடிப்பைக் கொண்டு கணினி சக்கரத்தின் வேகத்தை அறிகிறது.

கோளாறு இரு விதமாக வெளிப்படும். ஒன்று, ஏபிஎஸ் மஞ்சள் விளக்கு எரிந்து, சில நாள் அணைந்து, மீண்டும் எரிவது. மற்றொன்று, விளக்கு எரியாமலேயே, உலர்ந்த சாலையில் வண்டி நிற்கப்போகும் தறுவாயில் மிதி அதிர்வது. பின்னது மிகவும் ஆபத்தானது. சக்கரம் பூட்டிவிட்டதெனக் கணினி தவறாக எண்ணிப் பிரேக்கைத் தளர்த்துவதால், வண்டி நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிச் செல்லும்.

வந்துபோகும் கோளாறு பட்டறையில் நிற்கும்போது பெரும்பாலும் தன்னைக் காட்டாது. ஆதலால் அது தோன்றிய சூழலை உரிமையாளர் குறித்துவைத்தல் வேண்டும். நோயைக் கண்டறிய மருத்துவருக்கு நோயாளியின் சொல் உதவுவதுபோல், மெக்கானிக்குக்கு அக்குறிப்பு உதவும்.

மழையிலோ, நீர் தேங்கிய தெருவைக் கடந்த பின்னரோ தோன்றினால், வயர் இணைப்பிகளில் ஈரமும் பச்சைக் களிம்பும் உள்ளனவா எனப் பார்க்க வேண்டும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது தோன்றினால், உறைக்குள் அறுந்த சென்சார் வயரோ, தேய்ந்து ஆட்டம் கண்ட சக்கர பேரிங்கோ காரணமாகலாம். குறைந்த வேகத்தில் மட்டும் மிதி அதிர்ந்தால், சென்சாருக்கடியில் துரு ஏறி இடைவெளி கூடியிருக்கலாம். வேகம் குறையக் குறைய மின்துடிப்பும் வலுவிழப்பதால் குறை அப்போதே வெளிப்படுகிறது. முகப்பு விளக்கும் ஏசியும் இயங்கும்போது தோன்றினால், பேட்டரியையும் எர்த் வயரையும் சோதித்தல் நன்று. நான்கு டயர்களும் ஒரே அளவினவா என்பதும் பார்க்கத்தக்கது. நடு டிஃபரன்ஷியலைப் பூட்டியதும் ஏபிஎஸ் நின்றுவிடுவது சில வண்டிகளின் அமைப்பேயன்றிக் கோளாறன்று.

அடுத்து, கணினியில் பதிந்துள்ள எண்ணைப் படிக்க வேண்டும். பழைய டயோட்டா வண்டிகள் பலவற்றில், சோதனைப் பெட்டியின் டிசி, ஈ1 முனைகளை மெக்கானிக் இணைத்தால், மஞ்சள் விளக்கு சிமிட்டியே எண்ணைச் சொல்லும். 31 என்பது வலது முன்சக்கரத்தையும், 32 இடது முன்சக்கரத்தையும், 33 வலது பின்சக்கரத்தையும், 34 இடது பின்சக்கரத்தையும் குறிக்கும். இந்த எண் பழுதான பகுதியைக் காட்டுமேயன்றிப் பழுதான பொருளைக் காட்டாது. 31 வந்தவுடனே புதுச் சென்சார் வாங்குதல் வீண்செலவாகலாம். முதலில் துருவையும் இரும்புத்தூளையும் துடைத்து, இடது வலது சென்சார்களின் மின்தடையை மல்டிமீட்டரால் ஒப்பிட்டு, அளக்கும்போதே வயரை மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். அசைக்கையில் அளவு தாவினால், பழுது அந்த வயரில் உள்ளது. இவையனைத்தும் சரியாக இருந்தால் மட்டுமே விலையுயர்ந்த ஏபிஎஸ் யூனிட்டை ஐயுறலாம்.

மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும். வேகத்தைக் குறைத்து, முன்வண்டிக்கும் தம் வண்டிக்கும் இடையே கூடுதல் தூரம் விட்டு ஓட்டலாம். சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, கைபிரேக்கையும் பிரேக் ஆயிலின் அளவையும் பார்க்க வேண்டும். கைபிரேக் விடுபட்டு, ஆயிலும் குறையாதிருந்தும் விளக்குகள் அணையாவிடில் வண்டியை ஓட்டலாகாது.

விளக்கின் பல்பைக் கழற்றிவிட்டு வண்டியை விற்பாரும் உளர். பழைய வண்டி வாங்குவோர் சாவியைத் திருப்பியதும் மஞ்சள் விளக்கு சில நொடிகள் எரிந்து அணைகிறதா எனக் காண வேண்டும். ஒருமுறையும் எரியாவிடில், பல்பு கழற்றப்பட்டதா எனப் பார்க்காமல் அவ்வண்டியை வாங்கலாகாது. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச்செல்லும் ஃபெரி வண்டி உரிமையாளர்கள் மே மாத மழை தொடங்குமுன் இச்சோதனைகளை முடித்தல் கடமையாகும்.