விழும் கலமும் விலகாத சுவரும்

மாரி வெள்ளம் இறங்கினால் மட்டக்களப்பு வாவி நன்னீராகும்; முகத்துவாரம் வெட்டுண்டு கடல் உள்ளே வந்தால் கரிக்கும். 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா இரண்டிலும் பிழைத்துக்கொள்கிறது. எப்படி? தண்ணீருக்கேற்பத் தன் செவுளையே அது மாற்றியமைக்கிறது. பழைய கலங்கள் திட்டமிட்டபடி சாகின்றன; புதியவை இடம்பிடிக்கின்றன. இந்தச் சாவுக்கு 1972இல் கேர், வைலி, கரி என்ற மூவர் 'அப்பொப்டோசிஸ்' என்று பெயரிட்டார்கள். பெயர் கிடக்கட்டும்.

செய்முறை வகுப்பில் செவுள் இழையை நுணுக்குக்காட்டியில் வைத்துக் காட்டினால், கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று கட்டாயம் கேட்கும்: "சேர், செத்த கலம் விழுந்த இடத்தில ஓட்டை எங்க?" எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். செவுளின் தோல் மிக மெல்லியது. அதில் ஓட்டை விழுந்தால் உப்பும் நீரும் கணக்கில்லாமல் ஓடும், கிருமியும் நுழையும். ஆனால் ஓட்டை விழுவதில்லை.

இதைத் துலக்கியவர் ஆய்வாளர் ஜோடி ரோசன்பிளாட். வளர்ப்புத் தட்டிலுள்ள மேலணிக் கலங்களை, அதாவது இப்படிப் போர்த்தும் தோலின் கலங்களை, வைத்து 2001இல் அவரும் கூட்டாளிகளும் காட்டியது இது: சாகும் கலம் முதலில் அயலவருக்குச் சேதி அனுப்புகிறது. சேதி கொண்டுபோவது ஒரு கொழுப்பு மூலக்கூறு என்பது பிறகு தெரியவந்தது. சேதி கிடைத்ததும் சுற்றியுள்ள கலங்கள் அக்டின், மயோசின் எனும் புரத இழைகளால் சாகும் கலத்தைச் சுற்றி வளையம் கட்டி, சுருக்குப்பையின் கயிற்றை இழுப்பதுபோல் இறுக்குகின்றன. அடிப்பக்கம் மூடிக்கொள்ள, கலம் மேலே பிதுங்கி வெளியேறுகிறது. கவனியுங்கள் நேயர்களே, கலம் போனபின் அடைப்பதல்ல, போகப்போகவே அடைபடுகிறது.

சாகும் கலத்துக்குள்ளும் வேலை நடக்கிறது. அயலோடு ஒட்டிப்பிடிக்கும் புரதம் கட்ஹெரின். அதை உள்ளிருக்கும் இழைகளோடு சேர்த்துக் கட்டுவது பீட்டா கட்டெனின். காஸ்பேஸ் எனும் நொதியங்கள் இந்தக் கட்டெனினை வெட்ட, பிடி தளர்கிறது. வெளியேயும் வேறு நொதியங்கள் கட்ஹெரினைத் துண்டிக்கின்றன.

உங்கள் குடலிலும் இதே கதைதான். சில நாளுக்கொருமுறை குடலின் உட்தோல் முழுதும் புதிதாகிறது, ஆனாலும் ஒழுக்கில்லை.

நேரம் முடிகிறது. சாகும் கலம் பிடியை விடுகிறது, அயல் தள்ளிவிட்டு மூடுகிறது, சாரம் அவ்வளவே. முகத்துவாரம் திறக்கும் நாட்களில் வாவி மீனின் செவுளில் இந்த வளையம் எவ்வளவு வேகமாக இறுகுகிறது என்பதை வந்தாறுமூலையில், நம் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு பிள்ளை அளந்து சொல்லட்டும். கேட்க ஆவலாக இருக்கிறேன்.