அதனிடமே கேளுங்கள்

கல்லூரியோ கடையோ ஆஸ்பத்திரியோ, கணினியில் பதிவேடு வைத்திருக்கிற இடமென்றால் திரைக்குப் பின்னால் ஒரு தரவுத்தளம் ஓடிக்கொண்டிருக்கும். எவ்வளவு நினைவகம் எடுத்துக்கொள்ளலாம், தரவு எந்த வட்டில் இருக்கிறது, யாரை உள்ளே விடலாம் என்பதையெல்லாம் அமைப்புக் கோப்பு என்கிற சின்ன எழுத்துக் கோப்பில் எழுதி வைப்போம். மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றிய பிறகு அந்தக் கோப்பை அது எங்கே தேடும்? இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி நூலகம். அங்கே கோஹா மென்பொருள். நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலகங்களுக்காக எழுதப்பட்டு 2000-இல் பயன்பாட்டுக்கு வந்தது, இலவசம். தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் இப்போது இதுதான். கோடை விடுமுறையில் யாரோ சர்வரைப் புதுப்பித்திருந்தார்கள். கல்லூரி திறந்ததும் ஒரு புத்தகத்தைத் தேடவே நேரம் பிடித்தது. நூலகர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, லீவுக்கு முன்னால நல்லாத்தான ஓடுச்சு, இப்போ என்னத்துக்கு இழுக்கு?" என்றார். போய்ப் பார்த்தால், நினைவகத்தை இரண்டு ஜிபி என்று ஈடிசி கோப்புறையில் உள்ள மை டாட் சிஎன்எஃப் கோப்பில் ஒழுங்காகவே எழுதியிருக்கிறார்கள். கோஹாவுக்குப் பின்னால் ஓடும் மரியாடிபி என்ற தரவுத்தளம் எடுத்துக்கொண்டதோ 128 எம்பி. யாரும் எதுவும் சொல்லாவிட்டால் அது தானாக வைத்துக்கொள்ளும் அளவு அது.

"அண்ணாச்சி, கோப்பை எங்கே படிக்கேன்னு அதுகிட்டயே கேட்டுருவோம்" என்றேன்.

கேட்க முடியும் நேயர்களே! மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளத்தில் மைஎஸ்க்யூஎல்டி, அடுத்து வெர்போஸ், ஹெல்ப் என்று கட்டளை கொடுத்தால் எந்தெந்தக் கோப்பை எந்த வரிசையில் படிக்கிறது என்று அதுவே பட்டியல் போடும். மரியாடிபிக்கும் இதே வழிதான். முதலில் ஈடிசி, அடுத்து அதற்குள் இருக்கும் மைஎஸ்க்யூஎல் கோப்புறை, அதற்குள் இன்னும் துணைக் கோப்புகள். ஒரே விஷயத்தை இரண்டு கோப்பு இரண்டு விதமாகச் சொன்னால், கடைசியாகப் படித்ததுதான் செல்லும். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கோடைமேலழகியானுக்கு முதலில் தண்ணீர் கிடைக்கும், கடைசியில் உள்ள ஸ்ரீவைகுண்டம் மிச்சத்துக்குக் காத்திருக்கும். இங்கே தலைகீழ், கடைமடைக்காரர் வைத்ததே சட்டம். அந்த நூலகத்திலும் புதுப்பித்தவர்கள் துணைக் கோப்புறையில் 128 என்று இன்னொரு கோப்பை விட்டுப் போயிருந்தார்கள். அந்த வரியை எடுத்துவிட்டு சர்வரை மறுபடி தொடங்கினோம். வேகம் திரும்பிவிட்டது.

சிலர் கோப்பை யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று அனுமதியைத் திறந்துவிடுவார்கள். மைஎஸ்க்யூஎல் அப்படிப்பட்ட கோப்பை நம்பாது, படிக்காமல் ஒதுக்கிவிடும். என்னைக் கேட்டால், நியாயமான பிடிவாதம். இன்னொரு பக்கம், மைஎஸ்க்யூஎல் 8.0 பதிப்பில் க்வெரி கேஷ் என்ற வசதியையே நீக்கிவிட்டார்கள். பழைய கோப்பில் அதற்கான வரி மிச்சமிருந்தால் சர்வர் எழுந்திருக்கவே மறுக்கும்.

போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தளம் பற்றி இரண்டே வார்த்தை, நேரம் நெருங்குகிறது. டெபியன், உபுண்டு கணினிகளில் கோப்புறைப் பெயரிலேயே பதிப்பு எண் இருக்கும். 14-லிருந்து 16-க்குப் போனாலும் பழைய கோப்புறை அங்கேயே கிடக்கும். நீங்கள் 14-ஐத் திருத்திக்கொண்டிருப்பீர்கள், ஓடுவதோ 16. ஷோ கான்ஃபிக் ஃபைல் என்று கேளுங்கள், உண்மையான இடத்தைச் சொல்லிவிடும். பிஜி அப்கிரேட் என்ற கருவி தரவை மாற்றித் தரும், உங்கள் அமைப்புகளைக் கொண்டு வராது. விண்டோஸில் மைஎஸ்க்யூஎல் வைத்திருப்பவர்கள் புரோகிராம் டேட்டா கோப்புறையில் தேடுங்கள், அது மறைந்திருக்கும்.

ஆகவே, புதுப்பிப்பதற்கு முன்பே இந்தக் கட்டளைகளைக் கொடுத்து, வருகிற பதிலை ஒரு நோட்டில் எழுதி சர்வர் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். அடுத்து வருகிறவருக்கும் உதவும்.