ஒரே கால்வாய், தனித்தனிக் கோப்பு



வர்க்கம், முதலாளித்துவம், பணிக்குழு ஆட்சி ஆகிய மூன்றும் பல்கலைக்கழகப் பாடத்துக்கு உரியவை என்று ஒதுக்கிவிடுகிறோம். புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் வாழ்பவர்களுக்கு இவை அன்றாடச் சோற்றோடு சேர்ந்த விஷயங்கள். எப்படி என்று இன்று பேசலாம்.

உடப்புக் கரையில் கரைவலை இழுப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். தோணி வலையை வளைத்துப் போட்டுவிட்டு வந்ததும், கரையில் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கயிற்றைப் பிடிப்பார்கள். அம்பாப் பாட்டுப் பாடியபடி நெடுநேரம் இழுப்பார்கள். மடி கரையேறும் முன்பே பங்கு முடிவாகியிருக்கும். வலையும் தோணியும் சம்மாட்டியுடையவை. இழுப்பவரிடம் இருப்பது கையும் தோளும்தான். வாங்கிய முற்பணம் பலரை அதே வலையோடு கட்டிவைக்கும்.

கார்ல் மார்க்ஸ் வர்க்கம் என்று சொன்னது இந்த உறவைத்தான். எவரிடம் எவ்வளவு காசு என்று அவர் முதலில் கேட்கவில்லை. தொழிலுக்கான கருவி யார் கையில், உழைப்பை விற்றுப் பிழைப்பவர் யார் என்றே கேட்டார். ஆனாலும் கரைவலையில் கடலுக்கு உடைமைக்காரர் கிடையாது. பட்டால் எல்லோருக்கும் பங்கு, படாவிட்டால் எல்லோருக்கும் வெறுங்கை.

1980களில் களப்போரத்துக்கு வேறொரு தொழில் வந்தது. சிலாபம் தொடக்கம் முந்தல், புத்தளம் வரை இறால் பண்ணைகள் முளைத்தன. முதலில் பெரிய கம்பனிகள், பிறகு கடன்பட்டுக் குளம் வெட்டிய சிறு பண்ணைக்காரர்கள். குளம் வெட்டிய இடங்கள் பலவும் கண்டல் காடும் உவர் நிலமுமாக இருந்தவை. ஊர்ச் சனம் விறகு எடுத்ததும் வீச்சுவலை போட்டதும் அங்கேதான். அவர்களிடம் காணி உறுதி இல்லை. 1840இல் பிரித்தானியர் இயற்றிய முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும் பயிரிடாத நிலத்தையும் அரசுடைமை என்று கொண்டது. ஆகவே பரம்பரையாகப் புழங்கிய நிலம் காகிதத்தில் அவர்களுடையதாக இருக்கவில்லை. குத்தகைப் பத்திரம் பெற்றவரும் செல்வாக்கோடு அத்துமீறியவரும் அங்கே குளம் வெட்ட முடிந்தது. 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ நூலில், இங்கிலாந்தின் பொதுநிலங்கள் வேலியடைக்கப்பட்டு உழவர்கள் கூலியாட்களான கதையை முதலாளித்துவத்தின் பிறப்பாக மார்க்ஸ் விரிவாக எழுதினார். நம் களப்போரத்தில் வேலிக்குப் பதில் வரம்பு எழுந்தது. நேற்றுவரை தனக்காக இறால் பிடித்தவர் இன்று பிறர் குளத்துக்குக் காவல் இருக்கிறார்.

இனி மக்ஸ் வெபர். 1920இல் மறைந்த இந்த ஜெர்மானிய அறிஞர், நவீன ஆட்சி கோப்பினால் நடக்கிறது என்றார். எழுதிய விதி, படிநிலை, பயிற்சி பெற்ற உத்தியோகத்தர்: பணிக்குழு ஆட்சி என்பது இதுதான். ஆள் பார்த்து மாறாத இந்த ஒழுங்கை அவர் பெரும் பலமாகக் கண்டார். அதுவே மனிதரைப் பூட்டும் கூண்டாகிவிடும் என்றும் அஞ்சினார்.

கோப்பின் பலவீனம் இங்கே எப்படி வெளிப்பட்டது என்று பாருங்கள். 4 ஹெக்டேயருக்கு மேற்பட்ட பண்ணைக்கே சுற்றாடல் தாக்க மதிப்பீடு என்பது பொது விதி. அதற்குக் குறைந்த ஒவ்வொரு பண்ணையும் கந்தோரில் ஒரு சின்னக் கோப்பு. ஆனால் அத்தனை பண்ணைகளும் தண்ணீர் எடுத்தது ஒல்லாந்தர் கால்வாயிலிருந்தும் அதோடு தொடுத்த களப்புகளிலிருந்தும். கழிவுநீரை விட்டதும் அதே கால்வாயில். ஒருவர் மதகைத் திறந்து வெளியேற்றிய நீரை அடுத்தவர் பம்பி வைத்து உள்ளே இழுத்தார். 1996இல் வெண்புள்ளி நோய் வந்தபோது குளம் குளமாக இறால் செத்தது. கம்பனி நட்டத்தைக் கணக்கில் எழுதிவிட்டு விலகலாம். சிறு பண்ணைக்காரருக்குக் கடன் மிஞ்சியது. கைவிடப்பட்ட குளங்களின் உப்பேறிய மண் எந்தப் பயிருக்கும் உதவாமல் கிடந்தது.

பரிகாரமும் அங்கேயே பிறந்தது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை உருவானது. பின்னர் பண்ணைக்காரர் சங்கங்களும் அதிகாரிகளும் சேர்ந்து பயிர் நாட்காட்டி ஒன்றை வகுத்தார்கள். கரையோரம் வலயங்களாகப் பிரிக்கப்பட்டது. எந்த வலயம் எப்போது குஞ்சு விடுவது என்று முறை வைத்தார்கள். நோய் அடியோடு ஒழியவில்லை. ஆயினும் கோப்பு முதன்முறையாகக் கால்வாயை முழுசாகப் பார்த்தது. பொதுவளத்தைப் பயன்படுத்துவோரே விதி செய்வதில் பங்கெடுத்தால் அதைக் காக்கலாம் என்று காட்டி 2009இல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரோம், தம் நூலில் தென்னிலங்கை மாவெல்லக் கரைவலையையும் ஆராய்ந்தார். அங்கே முறைவைத்து வலை போடும் நல்ல வழக்கம் இருந்தது. ஆனால் வலைகளின் தொகையைக் கட்டுப்படுத்தும் விதி ஏட்டோடு நின்றதால் வலைகள் பெருகி வருமானம் சிதறியது.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பெரும்பகுதியினர் இந்த மாவட்டத்துக்கு வந்தார்கள். சொந்தக் கடையும் காணியும் வைத்திருந்தவர் சில நாட்களில் கற்பிட்டி வெங்காயத் தோட்டத்தில் கூலிக்கு நின்றார். வர்க்கம் ஒரே இரவில் இடம் மாறும். அதற்கு மேல் ‘அகதி’ என்ற பெயரும் நிவாரண அட்டையும் அவரைத் தனியே நிறுத்தின. சொத்து வேறு, சமூக மதிப்பு வேறு, இரண்டும் தனித்தனியே மனிதரைத் தரம் பிரிக்கும் என்று வெபர் வகுத்துக் காட்டியதை அகதி முகாம்களில் வாழ்ந்தவர்கள் அனுபவித்தே அறிந்தார்கள்.

மீனவர் சங்கத்திலும் பண்ணைக்காரர் சங்கத்திலும் இருக்கும் நேயர்களே, பிரதேச செயலகத்தில் களப்பைப் பற்றிய கூட்டம் நடந்தால் தவறாமல் போங்கள். சம்மாட்டியோடு வலை இழுப்பவரும், பண்ணை முதலாளியோடு காவற்காரரும் அங்கே உட்கார வேண்டும். கூலிக்காரர் இல்லாத கூட்டத்தில் எழுதப்படும் விதி கூலிக்காரரைக் காக்காது.