படகு கரையேறிய பிறகு



ஒக்ரோபர் நடுப்பகுதியில் ஒரு சனிக்கிழமை காலை, மிமிக்கோ தொடங்கி ஸ்காபரோ மண்மேடுகள் வரை ரொறன்ரோ ஏரிக்கரையில் இருக்கும் படகுக் கழகங்களில் ஏதாவதொன்றுக்குப் போய்ப் பாருங்கள். கிறேன் வந்து நிற்கும். இரண்டு அகலப் பட்டிகளைப் படகின் வயிற்றுக்கடியால் கொடுப்பார்கள். நாலைந்து தொன் பாரமுள்ள பாய்ப்படகு தண்ணீர் சொட்டச் சொட்ட மேலே எழும்பி, மெல்லத் திரும்பி, தனக்கென்று வைத்திருக்கும் இரும்புத் தொட்டிலில் வந்து குந்தும். கயிறு பிடிக்கிறவர்களில் பள்ளி ஆசிரியர் இருப்பார், குழாய் வேலைக்காரர் இருப்பார், ஓய்வுபெற்ற நீதிபதிகூட இருப்பார். தன் படகு இறங்கிவிட்டது என்று ஒருவரும் வீட்டுக்குப் போவதில்லை. கடைசிப் படகு வந்து குந்தும்வரை எல்லோரும் குளிரில் நிற்பார்கள்.

அன்று தரைக்கு வந்த படகு மறுபடி தண்ணீரைக் காண்பது ஏப்ரல் கடைசியில், அல்லது மே மாதத்தில். வருடத்தில் பாதிக்கு மேல் அது தரையில்தான் நிற்கிறது. பாய்ப்படகு வாங்கும் ஆசையோடு என்னிடம் பேச வருகிறவர்கள் காற்றைப் பற்றிக் கேட்பார்கள், பாயைப் பற்றிக் கேட்பார்கள். நான் இந்தத் தரையில் நிற்கும் பாதியைப் பற்றித்தான் முதலில் சொல்வேன். படகின் ஆயுள் கூடுவதும் குறைவதும் அங்கேதான்.

ஒன்ராறியோ ஏரி பெரும்பாலும் முழுதாக உறைவதில்லை. அதன் ஆழம் அப்படி, ஆகக்கூடிய இடத்தில் 244 மீற்றர். ஆனால் படகுகள் நிற்கும் துறைகள் ஆழமில்லாதவை, அவை உறையும். அங்கே கட்டி வைத்த படகை ஐஸ் நாலு பக்கமும் இறுக்கிப் பிடிக்கும். சிலர் துணிந்து படகைத் தண்ணீரிலேயே விட்டு, குளிர்காலம் முழுவதும் அதற்குள்ளேயே குடியிருப்பார்கள். அவர்களைக் காப்பாற்றுவது இயற்கையின் ஒரு விசித்திரம். தண்ணீர் ஆகக் கனமாக இருப்பது 4 பாகையில். அதைவிடக் குளிர்ந்தால் அது இலேசாகி மேலே வரும். ஆகவே மேலே ஐஸ் கட்டியிருக்கும்போது அடியில் சற்றுச் சூடான தண்ணீர் கிடக்கும். படகுக்கு அடியில் ஒரு குழாயை இறக்கிக் காற்றுக் குமிழிகளை விட்டால், அந்த அடித்தண்ணீர் மேலே கிளம்பி வந்து படகைச் சுற்றி ஐஸ் பிடிக்காமல் வைத்திருக்கும்.

எங்களைப்போல் படகைத் தரையேற்றுகிறவர்களுக்கு வெளியே இருக்கும் தண்ணீரால் தொல்லையில்லை. உள்ளே தங்கிவிடும் தண்ணீர்தான் பகை. உறையும்போது தண்ணீர் கிட்டத்தட்ட 9 வீதம் பருக்கிறது. அது பருப்பதற்கு இடம் இல்லாவிட்டால், வெண்கலமோ வார்ப்பிரும்போ எதுவானாலும் வெடிக்கும்.

நான் படகு வாங்கிய முதல் வருடத்தில் இதைப் பாடமாகவே படித்தேன். எஞ்சினைக் குளிர்விக்க ஏரித் தண்ணீரை உறிஞ்சும் வழியில், குப்பை பிடிக்கும் ஒரு சிறிய வடிகட்டிக் கிண்ணம் இருக்கிறது. எல்லாவற்றையும் வடித்தேன், அந்தக் கிண்ணத்தை மறந்தேன். அதில் நின்றது அரைக் குவளைத் தண்ணீர் இருக்கலாம். வசந்தத்தில் படகை இறக்கி வால்வைத் திறந்தவுடன், மயிரிழைபோல் ஓடியிருந்த ஒரு வெடிப்பின் வழியாக ஏரி உள்ளே வந்தது. வால்வின் கைப்பிடியில் இருந்து கையை எடுக்காமல் நின்றபடியால் உடனே மூட முடிந்தது. திறந்துவிட்டுக் கோப்பி குடிக்கப் போயிருந்தால், படகு கட்டிய இடத்திலேயே அமிழ்ந்திருக்கும்.

ஆகவே ஒக்ரோபரில் முதல் வேலை, தண்ணீர் போகும் வழி எல்லாவற்றையும் ஒன்றொன்றாக நினைத்துப் பார்ப்பது. குடிதண்ணீர்த் தாங்கி, கை பம்பு, கழிப்பறை, அதன் குழாய், எஞ்சின். முதலில் நன்றாக வடிக்க வேண்டும். அதன் பிறகு இளஞ்சிவப்பு நிறத்தில் விற்கும் உறையெதிர்ப்புத் திரவத்தை உள்ளே ஓட்ட வேண்டும். வடிக்காமல் ஊற்றினால் பழைய தண்ணீரோடு கலந்து அதன் வீரியம் குறைந்துவிடும். எஞ்சினுக்கு ஒரு வாளி நிறைய அந்தத் திரவத்தை வைத்து, உறிஞ்சு குழாயை அதற்குள் போட்டு ஓட விடுவோம். பின்பக்கப் புகைக்குழாயால் சிவப்பாக வெளியே வரும்போதுதான் மனம் ஆறும். இளஞ்சிவப்புத் திரவம் புரொப்பிலீன் கிளைக்கோல், பெரிய நஞ்சு இல்லை. காருக்கு ஊற்றுகிற எதிலீன் கிளைக்கோல் வேறு. அது இனிப்பாக இருக்கும், நாய் நக்கினால் செத்துப்போகும். விலை குறைவென்று அதை வாங்கிப் படகில் ஊற்றாதீர்கள். அது கடைசியில் ஏரிக்குத்தான் போகும், அந்த ஏரித் தண்ணீரைத்தான் நாங்கள் குடிக்கிறோம்.

எஞ்சின் ஒயிலையும் அப்போதே மாற்ற வேண்டும். ஓடிக் கறுத்த ஒயிலில் அமிலம் சேர்ந்திருக்கும். அது ஆறு மாதம் உள்ளே கிடந்து உலோகத்தைத் தின்னும். வசந்தத்தில் மாற்றலாம் என்று விடுகிறவர்கள் கெடுதல் நடந்து முடிந்த பிறகு மாற்றுகிறார்கள். பற்றரியின் கதை எனக்கு இன்றும் வியப்பு. முழுதாக மின்னேற்றிய ஈய அமிலப் பற்றரி பூச்சியத்துக்குக் கீழே 50 பாகையிலும் உறையாது. வெறுமையாகிப்போன பற்றரியோ பூச்சியத்துக்குக் கீழே ஏழெட்டுப் பாகையிலேயே உறைந்து கோது வெடிக்கும். ரொறன்ரோவில் அது டிசம்பரிலேயே வந்துவிடுகிற குளிர்.

இனித் தறப்பாள். அதை மழைச்சட்டைபோல இறுக்கமாகப் போர்த்துகிறவர்கள் வசந்தத்தில் கதவைத் திறந்தால் பூஞ்சண நாற்றம் முகத்தில் அடிக்கும். மரச் சட்டங்களால் கூரைபோலச் சாய்வு செய்து, பனி வழுக்கி விழவும் இரு முனையிலும் காற்று நுழையவும் இடம் விட்டுக் கட்ட வேண்டும். இன்னொன்றைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். படகைப் பக்கவாட்டில் தாங்கி நிற்கும் இரும்புக் கால்களில் தறப்பாள் கயிற்றை ஒருபோதும் கட்டாதீர்கள். ஜனவரிக் காற்று தறப்பாளை ஊதித் தூக்கும்போது கயிறு அந்தக் காலையும் இழுக்கும். கால் ஒன்று நழுவினால் படகு சரியும். அது சரிந்தால் பக்கத்துப் படகின் மேல் விழும். எதிரெதிர்க் கால்களைச் சங்கிலியால் ஒன்றோடொன்று பிணைத்து வைப்பதும், மண் இளகும்போது புதையாமல் அடியில் பலகை வைப்பதும் அதற்காகத்தான்.

ஏணியைப் பற்றியும் ஒரு சொல். தண்ணீரில் நிற்கும்போது கால் எட்டி ஏறிய படகு, தரையில் அடிக்கட்டையோடு நிற்கும்போது ஒரு மாடி உயரம். கீழே உறைந்த மண். ஏணியின் தலையைப் படகோடு கட்டிவிட்டு ஏறுங்கள். எழுபது வயதுக்காரரை நாங்கள் தனியே ஏற விடுவதில்லை.

இவ்வளவும் செய்துவிட்டால் ஏப்ரல்வரை மறந்துவிடலாம் என்று நினைக்கிறவர்கள் பலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். பனிக்காற்று அடித்த மறுநாள் கட்டாயம் போங்கள். கயிறு தளர்ந்திருக்கும், தறப்பாளில் ஒரு குழி விழுந்து அதில் தண்ணீர் நின்று ஐஸாகியிருக்கும், பாய்மரத்தில் ஒரு கயிறு அவிழ்ந்து இரவு முழுவதும் அலுமினியத்தில் அடித்துக்கொண்டிருக்கும். ஐந்து நிமிட வேலைதான். அதைச் செய்யாமல் விட்டு, மேல்தட்டில் ஒரு ஆணித்துளையால் தண்ணீர் கசிந்து, உள்ளே இருக்கும் பல்சா மரப் பலகையில் ஊறி, உறைந்து இளகி உறைந்து இளகி, மேல்தோல் பிரிந்து போன படகுகளை நான் பார்த்திருக்கிறேன். மேலே நடந்தால் பஞ்சு மெத்தைபோல் அமுங்கும். அதைத் திருத்தும் செலவு சில வேளை படகின் விலையையே தாண்டும்.

போய்ப் பார்க்கிறவர்கள் கையில் படகு எவ்வளவு காலம் இருக்கும் என்பதற்கு எங்கள் ஏரியிலேயே சாட்சி உண்டு. ஒஸ்திரியாவிலிருந்து வந்து குடியேறிய ஜோர்ஜ் ஹின்ரஹோலர், 1959 இல் ஒன்ராறியோ ஏரியின் குத்தலான அலைக்கென்றே ‘ஷார்க்’ என்ற 24 அடிப் படகை வரைந்தார். 1960களில் வார்த்த ஷார்க் படகுகள் இன்றும் ஓடுகின்றன. ஐம்பது அறுபது குளிர்காலம் தரையில் நின்றவை அவை.

இதைப் பேசும்போது எனக்கு ஊர்க் கரை நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. நான் பிறந்தது வடமராட்சியில். அங்கே பனி இல்லை, வாடைக்காற்று உண்டு. கார்த்திகை மார்கழியில் வடகடல் கொந்தளிக்கும்போது வள்ளங்கள் மணலில் ஏறிவிடும். பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்து உளியால் அடித்து இறுக்குவதைக் கலப்பத்து என்பார்கள். குங்கிலியம் காய்ச்சி அடைப்பார்கள், சுறா எண்ணெய் பூசுவார்கள். அந்த எண்ணெய் மணம் எனக்கு இப்போதும் மூக்கில் நிற்கிறது. அந்தக் கைகள் கட்டிய கப்பல் இந்தப் பக்கத்துக் கரைக்கும் வந்திருக்கிறது. வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பலை வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். ‘புளோரன்ஸ் சி. ரொபின்சன்’ என்று பெயர் மாறி அது 1938 இல் மாசச்சூசெற்ஸ் மாநிலத்தின் குளோஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. இங்கே மரப்படகு வைத்திருக்கிறவர் ஒருவர் தன் படகைச் சூடேற்றிய கொட்டிலில் வைக்க மாட்டேன் என்று சொன்னபோது, எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. மரம் காய்ந்தால் பலகை சுருங்கும், இடுக்கு வாய் திறக்கும். மண் தரையும் ஈரக்காற்றும் உள்ள குளிர்ந்த கொட்டில்தான் மரத்துக்குச் சுகம்.

வீட்டிலும் படகு வந்து குடியிருக்கும். மெத்தைகள் நிலவறையில், சுவரில் சாய்ந்து நிற்கும். பாயை ஒரு ஞாயிற்றுக்கிழமை வரவேற்பறையில் விரித்து, முழங்காலில் நின்று தையலை விரலால் தடவிப் பார்ப்பேன். துணி நன்றாக இருக்கும், நூல்தான் முதலில் போகும். வெயில் அதைத் தின்றுவிடுகிறது. நகத்தால் கீறினால் அறுகிற நூல் ஓகஸ்ட் மாதப் புயலில் நிற்குமா? என் மகள் சின்ன வயதில் அந்தப் பாய்க்குள் புகுந்து கூடாரம் கட்டி விளையாடுவாள். இப்போது அவளும் ஊசி எடுக்கிறாள்.

மார்ச் மாதத்தில் தறப்பாளுக்குள் வெயில் விழுந்து ஒரு மெல்லிய வெப்பம் பிடிக்கும். அப்போது அடிப்பக்கத்தைச் சுரண்டுவோம், அடிக்கட்டையும் உடலும் சேரும் மூட்டில் வெடிப்பு ஓடியிருக்கிறதா என்று பார்ப்போம், பூச்சு அடிப்போம். சுரண்டும்போது முகமூடி போட வேண்டும். பாசி பிடிக்காமலிருக்க அடிக்கும் பூச்சில் செம்பு இருக்கிறது, அதன் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

பிறகு மறுபடியும் கிறேன் வரும். மேயில் காற்று சட்டையோடு நிற்கும் அளவுக்கு வெப்பமாக இருந்தாலும் தண்ணீர் இன்னும் குளிர்காலத்தில்தான் இருக்கும். விழுந்தால் மூச்சைக் கட்டுப்படுத்த ஒரு நிமிடம், கைகால் சொல்வழி கேட்கப் பத்து நிமிடம், நினைவு தப்ப ஒரு மணித்தியாலம் என்று மனிரோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ற் கணக்குச் சொல்லித் தந்திருக்கிறார். அந்தப் பத்து நிமிடத்தை நம்பி உயிர்காப்புச் சட்டை இல்லாமல் இறங்கு பாலத்தில் நடக்காதீர்கள்.

படகு தண்ணீரைத் தொட்டதும் நான் கிறேன்காரரிடம் கையைக் காட்டி, பட்டிகளைத் தளர்த்த வேண்டாம் என்று கேட்பேன். அவருக்கு என்னைத் தெரியும், காத்திருப்பார். ரோச் லைற்றோடு உள்ளே இறங்கி, ஒவ்வொரு வால்வாகத் திறந்து, குழாயைச் சுற்றி விரலால் தடவுவேன். கடைசியாக அந்த வடிகட்டிக் கிண்ணம். கையை அதன் அடியில் ஒரு நிமிடம் வைத்திருப்பேன். காய்ந்திருக்கும். மேலே வந்து, சரி, விடுங்கள் என்பேன்.